ஃபோலாவ் வழக்கு: எழுதாமல் விட்ட ஒரு விதி

2019 ஏப்ரல் 6 அன்று ஆக்லாந்தின் ஈடன் பார்க் மைதானத்தில், ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் வராட்டாஸ் அணிக்காக ஆடிய இஸ்ரேல் ஃபோலாவ் சூப்பர் ரக்பி போட்டிகளில் தனது 60ஆவது ட்ரையை அடித்தார் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் தரையில் பதித்துப் புள்ளி பெறுவதே ட்ரை). நியூசிலாந்து வீரர் டக் ஹவ்லெட் வைத்திருந்த 59 ட்ரைகள் என்ற சாதனை முறிந்தது. நான்கு நாட்கள் கழித்து, ஏப்ரல் 10 அன்று, அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு படம் வந்தது. 'எச்சரிக்கை' என்று தலைப்பு. அதன் கீழே எட்டு வகையினரின் வரிசை: குடிகாரர்கள், தன்பாலீர்ப்பாளர்கள், விபசாரக்காரர்கள், பொய்யர்கள், வேசித்தனம் செய்வோர், திருடர்கள், நாத்திகர்கள், விக்கிரக ஆராதனைக்காரர்கள். நரகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது, மனந்திரும்புங்கள், இயேசு ஒருவரே இரட்சிப்பார் என்று முடிவு.

மறுநாளே அந்நாட்டு ரக்பியின் தலைமை அமைப்பான ரக்பி ஆஸ்திரேலியா அவருடைய ஒப்பந்தத்தை முறிக்கப்போவதாக அறிவித்தது. மே 17 அன்று முறித்தும்விட்டது. ஆஸ்திரேலியாவுக்காக 73 டெஸ்ட் (நாடுகளுக்கிடையிலான) ஆட்டங்களில் 37 ட்ரைகள் அடித்தவர், உலகக் கோப்பைக்குச் சில மாதங்களே இருந்த நிலையில், தன் நாட்டு ரக்பியை விட்டு நிரந்தரமாக வெளியேறினார்.

மத சுதந்திரமா, சமத்துவமா என்று இரண்டு அணியாகப் பிரிந்து இந்த வழக்கைப் பற்றி எழுதியவர்கள் ஏராளம். எனக்கும் ஒரு சாய்வு உண்டு, அதை மறைக்கப்போவதில்லை. அந்தப் பதிவு கொடியது. தான் யார் என்பதை வீட்டில்கூடச் சொல்ல முடியாமல் தவிக்கும் ஒரு பதினைந்து வயதுப் பையன், தான் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் வீரரின் பக்கத்தில் அதைப் படித்திருப்பான் என்ற நினைப்பே எனக்குப் போதும். ஆனால் இந்த ஆய்வில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. திருமணச் சட்டம் பற்றி ஒரு வீரர் கருத்துச் சொல்வது ஒரு வகை. ஒரு சாரார் மீது தண்டனைத் தீர்ப்பு வாசிப்பது முற்றிலும் வேறு வகை. 2017இல் ஃபோலாவ் முதலாவதைச் செய்தார். 2018இலும் 2019இலும் இரண்டாவதைச் செய்தார். இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே இருக்கிறது என்று எழுதி வைக்க ரக்பி ஆஸ்திரேலியாவுக்கு ஓராண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. எழுதவில்லை. பிறகு நடந்த எல்லாக் குழப்பமும் அந்த இடத்திலிருந்துதான் கிளம்பியது.

மேலட்டையிலிருந்து வாக்கெடுப்பு வரை

ஃபோலாவ் 1989இல் சிட்னியில் டோங்கா வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். மோர்மன் மரபில் வளர்ந்து, 2011இல் பெந்தெகொஸ்தே மரபின் அசெம்ப்ளீஸ் ஆஃப் காட் சபைக்கு மாறினார். பின்னாளில் தன் தந்தை போதகராக இருக்கும் சிட்னி சபையிலேயே பிரசங்கமும் செய்யத் தொடங்கினார். விளையாட்டில் அவர் தொட்டதெல்லாம் துலங்கியது. 18 வயதில், ரக்பியின் இன்னொரு வடிவமான ரக்பி லீக்கில் ஆஸ்திரேலியாவுக்கு ஆடினார். ஆஸ்திரேலியக் கால்பந்துக்கு மாறி இரண்டு ஆண்டுகள் அங்கே கழித்தார். 2013இல் ரக்பி யூனியனுக்கு (இந்தக் கட்டுரையில் 'ரக்பி' என்பது இதுதான்) வந்து அதே ஆண்டில் தேசிய அணியான வாலபீஸில் இடம்பிடித்தார்.

2014இல் சிட்னியில் பிங்ஹாம் கோப்பை நடந்தது. தன்பாலீர்ப்புள்ள ரக்பி வீரர்களின் உலகப் போட்டி அது. அதற்கு ஆதரவாக, ஆஸ்திரேலியாவின் பழைமையான தன்பாலீர்ப்பாளர் இதழ்களில் ஒன்றான 'ஸ்டார் அப்சர்வர்' மேலட்டையில் ஃபோலாவின் படம் வந்தது. அந்த ஆண்டில்தான் ரக்பி, ரக்பி லீக், கிரிக்கெட், கால்பந்து, ஆஸ்திரேலியக் கால்பந்து ஆகிய ஐந்து விளையாட்டுகளின் தலைமை அமைப்புகள் தன்பாலீர்ப்பு வெறுப்பை ஒழிப்பதாகக் கூட்டாகக் கையொப்பமிட்டன. அடுத்த ஆண்டு வெளியான 'அவுட் ஆன் த ஃபீல்ட்ஸ்' என்ற பன்னாட்டு ஆய்வு ஏறத்தாழ 9,500 பேரிடம் கேட்டறிந்தது. அவர்களில் 80 விழுக்காட்டினர் விளையாட்டில் இந்த வெறுப்பைக் கண்டதாகவோ அனுபவித்ததாகவோ சொன்னார்கள். ஆக, ரக்பி அமைப்புக்குப் பிரச்சினை தெரியும், கொள்கையும் இருந்தது. ஃபோலாவ் அந்தக் கொள்கையின் முகங்களில் ஒருவராகவே அப்போது நின்றார். இதைச் சொல்லாமல் அவரைத் தொடக்கத்திலிருந்தே வெறுப்பாளராக வரைபவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

2017இல் தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கலாமா என்று ஆஸ்திரேலிய அரசு அஞ்சல் வழியாக மக்களின் கருத்தைக் கேட்டது. செப்டம்பரில் தொடங்கிய வாக்கெடுப்பின் முடிவு நவம்பர் 15 அன்று வந்தது. தகுதியுள்ளவர்களில் 79.5 விழுக்காட்டினர் பங்கேற்றார்கள், 61.6 விழுக்காடு ஆம், 38.4 விழுக்காடு இல்லை. டிசம்பர் 9 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அந்த வாரங்களில் ரக்பி அமைப்பு 'ஆம்' பக்கம் என்று பகிரங்கமாக அறிவித்திருந்தது. உடனே ஃபோலாவ் ஒரு ட்வீட் போட்டார். எல்லா மனிதர்களையும் அவர்கள் இருக்கிறபடியே நேசிக்கிறேன், அவர்கள் கருத்தை மதிக்கிறேன். ஆனால் தனிப்பட்ட முறையில் தன்பாலினத் திருமணத்தை ஆதரிக்க மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். அவரை யாரும் தண்டிக்கவில்லை. தண்டிக்காததே சரி என்று நினைக்கிறேன். நாடே வாக்களிக்கும் ஒரு கேள்வியில், 'இல்லை' என்று முத்திரை குத்திய 48 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் கருத்தே அவருடையதும். முதலாளி ஒரு பக்கம் கொடி பிடித்துவிட்டுத் தொழிலாளி மறுபக்கம் பேசக் கூடாது என்று சொல்ல முடியாது.

வாலபீஸில் அவரோடு ஆடிய டேவிட் போகாக் எதிர்த் திசையில் இன்னும் தூரம் போனவர். 2010இல் மணவிழா நடத்தியும், தன்பாலினத்தவருக்கு அந்த உரிமை கிடைக்கும்வரை சட்டப்படி பதிவுசெய்ய மாட்டோம் என்று அவரும் அவருடைய துணைவியும் காத்திருந்தார்கள். 2015இல் ஓர் ஆட்டத்தின் நடுவே எதிரணி வீரர் ஒருவர் தன்பாலீர்ப்பாளரை இழிவுபடுத்தும் சொல்லை வீசியபோது, போகாக் அங்கேயே நடுவரிடம் முறையிட்டார். அந்த வீரருக்கு அபராதம் விழுந்தது. வாலபீஸின் ஓய்வறையில் இந்த இரண்டு மனிதர்களும் ஒன்றாகவே உடை மாற்றிக்கொண்டார்கள், ஒன்றாகவே ஆடினார்கள். கருத்து வேறுபாட்டை ஓர் அணி தாங்கும் என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

2018: தவறவிட்ட ஆண்டு

2018 ஏப்ரலில் ஃபோலாவின் இன்ஸ்டாகிராம் பதிவொன்றின் கீழே, தன்பாலீர்ப்பாளர்களுக்குக் கடவுள் வைத்திருக்கும் திட்டம் என்ன என்று யாரோ கேட்டார்கள். 'நரகம்' என்று பதில் வந்தது. பாவங்களிலிருந்து மனந்திரும்பிக் கடவுளிடம் வராவிட்டால், என்ற நிபந்தனையோடு. திருமணச் சட்டம் பற்றிய பேச்சு எப்போதோ முடிந்துவிட்டது. சட்டமும் வந்துவிட்டது. இது மனிதர்களைப் பற்றியது.

வாலபீஸின் முதன்மை ஸ்பான்சர் குவாண்டாஸ் விமான நிறுவனம். அதன் தலைமை நிர்வாகி அலன் ஜாய்ஸ் வெளிப்படையான தன்பாலீர்ப்பாளர். அந்தக் கருத்து தங்களுக்கு மிகுந்த ஏமாற்றம் தருகிறது என்று குவாண்டாஸ் சொன்னது. நியூசிலாந்து அணியின் டி.ஜே. பெரனாரா, ஃபோலாவின் வார்த்தைகள் தன்னைப் போன்ற வீரர்களின் எண்ணத்தைக் காட்டவில்லை என்று வெளிப்படையாக மறுத்தார். ரக்பி ஆஸ்திரேலியாவின் தலைமை நிர்வாகி ரேலீன் காசில் ஃபோலாவை அழைத்துப் பேசினார். தண்டனை எதுவும் இல்லை.

அந்தச் சந்திப்புக்குப் பிறகு ஃபோலாவ் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இந்த வழக்கின் ஆவணங்களில் நான் மிக முக்கியமாகக் கருதுவது அதுதான். தன் நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று அதில் விளக்கினார். தானும் ஒரு பாவிதான் என்றார். காசில் தன் நிலைப்பாட்டைத் தவறாக வெளியே சொல்லிவிட்டார் என்று வருத்தப்பட்டார். காசிலிடம் தான் சொன்ன ஒரு வாக்கையும் பதிவு செய்திருந்தார்: நிலைமை கைமீறிவிட்டது, என்னால் ரக்பிக்கும் ஸ்பான்சர்களுக்கும் தீங்கு நேர்கிறது என்று நீங்கள் நினைத்தால், ஒப்பந்தத்தை விட்டு உடனே விலகிவிடுகிறேன்.

இதைவிடத் தெளிவான வாசல் எந்த நிர்வாகிக்கும் திறக்காது. தன் நம்பிக்கையைச் சொல்லாமல் இருக்க மாட்டேன் என்று ஒரு வீரர் எழுத்தில் சொல்லிவிட்டார். விலகவும் தயார் என்கிறார். அவருடைய ஒப்பந்தமோ முடியப்போகிறது. உட்கார்ந்து பேசி, 'இன்னின்னதைப் பொதுவெளியில் சொல்லலாம், இன்னது கூடாது, மீறினால் இன்னது நடக்கும்' என்று எழுதிக் கையொப்பம் வாங்கியிருக்கலாம். அவர் மறுத்திருந்தால் இருவரும் கைகுலுக்கிப் பிரிந்திருக்கலாம். அதற்கு மாறாக, 2022 இறுதி வரை நீளும், சுமார் 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் மதிப்புள்ளது என்று பரவலாகச் சொல்லப்பட்ட புதிய ஒப்பந்தம் அவருக்குக் கிடைத்தது. வாய்மொழி எச்சரிக்கைகள் இருந்தன. சமூக ஊடகத்துக்கென்று தனி நிபந்தனை அதில் இல்லை. எல்லா வீரர்களுக்கும் பொதுவான நடத்தை விதிமுறை மட்டுமே இருந்தது: பாலியல் ஈர்ப்பு, மதம், இனம் எதுவானாலும் எல்லாரையும் சமமாகவும் கண்ணியமாகவும் நடத்த வேண்டும், சமூக ஊடகத்தை முறையாகப் பயன்படுத்த வேண்டும்.

ஏன் எழுதவில்லை? சிறந்த வீரர், உலகக் கோப்பை வருகிறது, ரக்பி லீக் அணிகள் அவரைத் திரும்ப இழுக்கக் காத்திருக்கின்றன. கடினமான உரையாடலைத் தள்ளிப்போட இவையெல்லாம் தூண்டியிருக்கும் என்பது என் கணிப்பு. தள்ளிப்போட்டதன் வட்டியைத்தான் மறு ஆண்டு கட்டினார்கள்.

மூன்று நாள் விசாரணை

2019 பதிவு பைபிளின் 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தைத் தழுவியது. ரக்பி ஆஸ்திரேலியாவும் நியூ சவுத் வேல்ஸ் ரக்பியும் கூட்டாக வெளியிட்ட அறிக்கை கவனமாகச் சொல் தேர்ந்திருந்தது: அவருடைய மத நம்பிக்கைக்கு அவருக்கு உரிமை உண்டு, அதை வெளிப்படுத்திய விதமே விளையாட்டின் மதிப்புகளுக்கு முரண். ஃபோலாவ் பணியவில்லை, விசாரணை கேட்டார்.

மே 4, 5, 7 ஆகிய நாட்களில் சிட்னியில் மூன்று பேர் கொண்ட சுயேச்சைக் குழு விசாரித்தது. ஜான் வெஸ்ட் தலைமையில் கேட் ஈஸ்ட்மன், ஜான் போல்ட்பீ ஆகியோர் இருந்தனர். விதிமீறலைச் சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்று தரமாக வகைப்படுத்தும் முறை அது. பெரிய மீறல் என்று முடிவானால்தான் ஒப்பந்தத்தை முறிக்க முடியும். மே 7 அன்று பெரிய மீறல் என்றே முடிவு வந்தது. பத்து நாட்கள் கழித்துத் தண்டனை அறிவிப்பு. மேல்முறையீட்டு வாய்ப்பை ஃபோலாவ் பயன்படுத்தவில்லை.

இடைப்பட்ட நாட்களில் தன் சபையில் அவர் பேசியது அவர் மனத்தை நன்றாகக் காட்டுகிறது. நிலைமையை எளிதாக்கிக்கொள்ள வாய்ப்புகள் வந்தன, பழையபடி திரும்பிப்போய் ஆடலாம் என்ற ஆசை எழுந்தது, ஆனால் கண்ணுக்கு நல்லதாகத் தெரிவதைக் காட்டி ஏய்ப்பதுதான் சாத்தானின் வழி என்றார். பதிவை நீக்குவது அவருக்குச் சோதனைக்கு இணங்குவதாகப் பட்டது. எதிரே இருந்த நிர்வாகத்துக்கு அது மக்கள் தொடர்புச் சிக்கல். ஒருவர் ஆத்துமாவைப் பற்றிப் பேச, இன்னொருவர் ஸ்பான்சரைப் பற்றிப் பேசினால் சமரசம் எங்கே வரும்? அவருடைய உறுதியை நான் மெச்சவில்லை. ஆனால் அது நடிப்பில்லை என்று நம்புகிறேன். நம்பிக்கை மெய்யானது என்பதால் அதன் காயம் குறைந்துவிடாது.

எட்டு வகையினரில் ஒருவருக்கு மட்டும் ஏன் வலித்தது?

ஃபோலாவின் ஆதரவாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி இது. குடிகாரர்கள் வழக்குப் போடவில்லை, பொய்யர்கள் ஊர்வலம் போகவில்லை, நாத்திகர்கள் நரகமே இல்லை என்று சிரித்துவிட்டுப் போனார்கள்; தன்பாலீர்ப்பாளர்களுக்கு மட்டும் என்ன?

கேள்வி நியாயமானது, பதிலும் உண்டு. பொய் சொல்வதும் திருடுவதும் செயல்கள், விடலாம். தன்பாலீர்ப்பு ஒருவர் இருக்கும் நிலை. அந்த நிலையைத் திருடனுக்கும் விபசாரக்காரனுக்கும் நடுவில் நிறுத்தியதுதான் வலியின் ஊற்று. வரலாறும் சேர்ந்துகொள்கிறது. ஆஸ்திரேலியாவில் நாத்திகராக இருந்ததற்காக அண்மைக் காலத்தில் யாரும் சிறைக்குப் போகவில்லை. ஆண்களுக்கு இடையிலான உறவு டாஸ்மேனியா மாநிலத்தில் 1997 வரை குற்றம். ஐ.நா. மனித உரிமைக் குழு 1994இல் அதைக் கண்டித்த பிறகும் மூன்று ஆண்டுகள் பிடித்தன. ஃபோலாவ் பதிவிட்ட நாளில், சட்டப்படி தாங்கள் குற்றவாளிகளாக இருந்த காலத்தை நினைவில் வைத்திருக்கும் நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் அந்த நாட்டில் இருந்தார்கள். ரக்பி மைதானத்தில் எதிரியை மட்டம்தட்ட 'பொய்யன்' என்றோ 'விக்கிரக ஆராதனைக்காரன்' என்றோ யாரும் கத்துவதில்லை. எந்தச் சொல்லைக் கத்துவார்கள் என்பதைப் போகாக் நடுவரிடம் முறையிட்ட அந்த ஆட்டத்தில் எல்லாரும் கேட்டார்கள்.

மறுபக்கத்து வலியையும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலிய ரக்பியைத் தோளில் தாங்குபவர்களில் டோங்கா, சமோவா, ஃபிஜி வம்சாவளியினர் ஏராளம். அந்தக் குடும்பங்களில் சபையும் ஞாயிற்றுக்கிழமையும் உணவைப் போல அன்றாடம். வாலபீஸ் வீரர் டனியேலா டூபோ, அப்படியானால் என்னையும் உலகெங்கும் உள்ள எல்லாப் பசிபிக் தீவு வீரர்களையும் சேர்த்தே நீக்கிவிடுங்கள் என்று எழுதினார். இங்கிலாந்தின் பில்லி வுனிபோலா ஃபோலாவின் பதிவுக்கு விருப்பக்குறி இட்டு, அவருக்கு ஆதரவாகவும் எழுதினார். அவருடைய கழகமான சாரசென்ஸும் இங்கிலாந்து ரக்பி அமைப்பும் முறைப்படி எச்சரித்தன. எச்சரிக்கையோடு முடிந்தது; அவர் தொடர்ந்து ஆடினார்.

பசிபிக் வீரர்களின் உடல் வலுவை விரும்பி அழைத்து, ஆட்டத்துக்கு முன் அவர்கள் வட்டமாக நின்று ஜெபிப்பதைப் படமெடுத்து விளம்பரத்தில் போட்டுவிட்டு, அந்த ஜெபத்துக்குப் பின்னால் என்ன நம்பிக்கை இருக்கிறது என்று ஒருமுறைகூட உட்கார்ந்து கேட்காத நிர்வாகங்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. பெரனாரா மாவோரி. டூபோ டோங்கர். தீவு மக்கள் எல்லாரும் ஒரே குரல் என்று நினைப்பதும் தவறு என்பதை இந்த இருவரும் காட்டுகிறார்கள்.

பணமும் நீதிமன்றமும்

நியூ சவுத் வேல்ஸின் பாகுபாட்டுத் தடைச் சட்டம் மதத்தின் பெயரால் நடக்கும் பணிநீக்கத்தைத் தடுக்கவில்லை. ஆஸ்திரேலிய அரசியல் சாசனத்தின் 116ஆம் பிரிவு மத சுதந்திரம் பேசுகிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது மத்திய அரசைத்தான், தனியார் முதலாளியை அல்ல. மிச்சம் இருந்தது 2009ஆம் ஆண்டின் நியாயமான பணிச் சட்டத்தின் 772ஆம் பிரிவு: மதம் காரணமாக ஒருவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. ஜூன் மாதம் ஃபோலாவ் அந்தக் கதவைத் தட்டினார்.

வழக்குச் செலவுக்காக 30 லட்சம் டாலர் கேட்டு இணையத்தில் நிதி திரட்டத் தொடங்கியதும் ஆஸ்திரேலியா கொதித்தது. பல லட்சங்கள் சம்பாதித்த வீரர், நோயுற்ற குழந்தைகளுக்கு மக்கள் பணம் கேட்கும் அதே தளத்தில் கையேந்தலாமா என்றார்கள். ஏழு லட்சத்துக்கு மேல் சேர்ந்த நிலையில் 'கோஃபண்ட்மீ' தளம் அந்தப் பக்கத்தை நீக்கிப் பணத்தைத் திருப்பித் தந்தது. உடனே ஆஸ்திரேலியக் கிறிஸ்தவ லாபி என்ற அமைப்பு தன் பங்காக ஒரு லட்சம் டாலர் போட்டுத் தானே நிதி திரட்டியது. இரண்டு நாட்களுக்குள் 20 லட்சத்தைத் தாண்டியது. அந்த எண்ணிக்கை பலரை அதிரவைத்தது. என்னை அது அதிரவைக்கவில்லை. 'இல்லை' என்று வாக்களித்த 38 விழுக்காட்டினர் ஒரே இரவில் மறைந்துவிடுவார்கள் என்று நினைத்தவர்களுக்குத்தான் அது அதிர்ச்சி. அவருடைய மனைவி மரியா ஃபோலாவ் நெட்பால் விளையாட்டின் நட்சத்திரம். கணவருக்கான நிதிக் கோரிக்கையை அவர் பகிர்ந்ததற்கு நியூசிலாந்து நெட்பாலின் ஸ்பான்சரான ஏ.என்.இசட் வங்கி கண்டனம் தெரிவித்தது. மனைவி கணவருக்குத் துணை நிற்பதையும் குற்றப் பட்டியலில் சேர்த்தது எனக்கு அளவுமீறியதாகவே பட்டது.

சமரசப் பேச்சு தோற்றதும் ஆகஸ்ட் 1 அன்று வழக்கு ஃபெடரல் சர்க்யூட் நீதிமன்றத்துக்குப் போனது. முதலில் ஒரு கோடி டாலர் இழப்பீடு. நவம்பரில் அது 1.4 கோடியானது. அதே ஆகஸ்டில் நாட்டின் உச்ச அமர்வான உயர் நீதிமன்றம் இன்னொரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. தன் துறையை விமர்சித்துப் பெயர் மறைத்து ட்வீட் போட்ட ஓர் அரசு ஊழியரை நீக்கியது செல்லும் என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினார்கள். அரசியல் பேச்சுக்கான சுதந்திரம் தனிமனிதர் கையில் உள்ள உரிமை ஆகாது என்பது அதன் அடிப்படை. ஃபோலாவின் வழக்கு மதத்தைப் பற்றியது என்பதால் நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் வேலையையும் பேச்சையும் ஆஸ்திரேலியச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதன் வாடை அதில் இருந்தது.

நவம்பரில் காட்டுத்தீயும் வறட்சியும் நாட்டை வாட்டிக்கொண்டிருந்தபோது, தன்பாலினத் திருமணத்தையும் கருக்கலைப்பையும் சட்டமாக்கியதற்கான கடவுளின் தண்டனை இது என்று ஃபோலாவ் சபையில் பேசினார். தானும் பெந்தெகொஸ்தே நம்பிக்கையாளரான பிரதமர் ஸ்காட் மாரிசனே அது ஈவிரக்கமற்ற பேச்சு என்று கண்டித்தார். மாரிசனின் கண்டனம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒரே மரபில் வந்த இருவர், ஒரே வேதத்தைப் படிப்பவர்கள். வீடு எரிந்து நிற்பவர்களிடம் எதைச் சொல்லலாம் என்பதில் இருவரும் ஒத்துப்போகவில்லை. நம்பிக்கை ஒருவரை இப்படிப் பேசியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை.

டிசம்பர் 4 அன்று இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. தொகை ரகசியம், வெளியே கசிந்ததாகச் சொல்லப்பட்ட எண்களைக் காசில் மறுத்தார். கூட்டறிக்கையை நிதானமாகப் படித்தால் மனம் கசக்கிறது. பதிவு தன் மெய்யான மத நம்பிக்கையின் வெளிப்பாடு, யாரையும் புண்படுத்தும் எண்ணம் இல்லை என்கிறார் ஃபோலாவ். பாலியல் ஈர்ப்பின் பெயரால் எந்தப் பாகுபாட்டையும் ஏற்கவில்லை என்றும் சொல்கிறார். ஃபோலாவ் குடும்பத்துக்கு நேர்ந்த வருத்தத்துக்கு ரக்பி ஆஸ்திரேலியா மன்னிப்புக் கேட்கிறது. ரக்பிக்கு நேர்ந்த வருத்தத்துக்கு ஃபோலாவ் மன்னிப்புக் கேட்கிறார். இருவரும் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறார்கள். யாரைக் குறித்து நரகம் என்று எழுதப்பட்டதோ, அவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் ஒரு வரி அந்த அறிக்கையில் இல்லை.

தீர்ப்பு வராததால், பொதுவான நடத்தை விதிமுறை ஒருவரின் மதப் பேச்சைக் கட்டுப்படுத்துமா என்ற கேள்விக்கு நீதிமன்றத்தின் பதில் இன்றுவரை இல்லை. நாடாளுமன்றமும் முயன்று பார்த்தது. 2019 ஆகஸ்டில் வந்த மதப் பாகுபாட்டு மசோதாவின் வரைவில், ஆண்டு வருவாய் ஐந்து கோடி டாலருக்கு மேல் உள்ள முதலாளி, ஊழியர் வேலைக்கு வெளியே மத நம்பிக்கையைப் பேசுவதைத் தடுக்க வேண்டுமானால், தடுக்காவிட்டால் தாங்க முடியாத பொருளாதார இழப்பு நேரும் என்று காட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. ஊரே அதை 'ஃபோலாவ் பிரிவு' என்றது. எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது: காயப்பட்ட மனிதர் கணக்கில் இல்லை, ஸ்பான்சர் எவ்வளவு பணத்தைத் திரும்பப் பெறுவார் என்பதே அளவுகோல். பின்வந்த வடிவத்தில் அந்தப் பிரிவு நீங்கியது. 2022 பிப்ரவரியில் கீழவையில் நிறைவேறிய மசோதா மேலவையில் விவாதத்துக்கு வராமலே கிடப்பில் போனது.

பெர்பினானில் எழுதியதும் மேன்லியில் கேட்காததும்

2020 தொடக்கத்தில் ஃபோலாவைப் பிரான்ஸின் பெர்பினான் நகரத்து ரக்பி லீக் கழகமான காத்தலான் டிராகன்ஸ் எடுத்துக்கொண்டது. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. தங்கள் மைதானத்துக்கு அந்த அணி வரும் நாளைப் தன்பாலீர்ப்பாளர்களின் பெருமித நாளாகக் கொண்டாடப்போவதாக இங்கிலாந்தின் விகன் கழகம் அறிவித்தது. ஆனால் காத்தலான்ஸ் தலைவர் பெர்னார் குவாஷ் ஒரு காரியம் செய்திருந்தார். பிரிட்டனின் ரக்பி லீக் தலைமை அமைப்பான ரக்பி ஃபுட்பால் லீக்கோடு கையொப்பமிட்ட உடன்பாடு ஒன்று இருப்பதாகவும், அதை மீறினால் ஃபோலாவின் ஒப்பந்தம் உடனே முறியும், கழகமும் பெரிய அபராதம் கட்டும் என்றும் முதல் நாளே அறிவித்தார். சிட்னியில் கோடிக்கணக்கில் செலவழித்தும் கிடைக்காத தெளிவு, ஒரு சிறிய கழகத்துக்கு ஒரு தாளில் கிடைத்தது. பிறகு ஃபோலாவ் ஜப்பானுக்குப் போனார். 2022 ஜூலையில் டோங்கா அணிக்காக டெஸ்ட் ரக்பிக்கும் திரும்பினார். காசில் 2020 ஏப்ரலிலேயே பதவி விலகிவிட்டார்.

ஆஸ்திரேலிய விளையாட்டு அமைப்புகள் பாடம் கற்றனவா என்று பார்க்க அதே 2022 ஜூலை போதும். ரக்பி லீக்கின் மேன்லி சீ ஈகிள்ஸ் கழகம், வழக்கமான வெள்ளைக் கோடுகளுக்குப் பதில், தன்பாலீர்ப்பாளர்களுக்கான ஆதரவின் அடையாளமான வானவில் நிறக் கோடுகள் கொண்ட சீருடையை ஓர் ஆட்டத்துக்காக வெளியிட்டது. வீரர்களுக்கு அது முன்கூட்டித் தெரியாது. மதமும் பண்பாடும் இடம்தரவில்லை என்று ஏழு வீரர்கள் அணிய மறுத்தார்கள். ஜூலை 28 அன்று சிட்னி ரூஸ்டர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் அவர்கள் இறங்கவில்லை. மேன்லி 20-10 என்று தோற்றது. 1995இல், அந்தக் கழகத்துக்கு ஆடிக்கொண்டிருந்தபோதே, தான் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்த இயன் ராபர்ட்ஸ், இது தன் நெஞ்சை உடைப்பதாகச் சொன்னார்.

மேன்லி வீரர்களை ஃபோலாவோடு ஒரே தட்டில் வைப்பவர்களோடு நான் உடன்படவில்லை. ஏழு பேரும் யாரையும் நரகத்துக்கு அனுப்பவில்லை. தங்கள் உடம்பில் ஒரு செய்தியைச் சுமக்க மறுத்து ஒதுங்கினார்கள். ராபர்ட்ஸுக்கு அது வலித்தது, வலித்தது நியாயம். ஆனாலும் 2017இல் ஃபோலாவ் போட்ட ட்வீட் இருக்கும் பக்கத்தில்தான் அவர்கள் நிற்கிறார்கள். கழகம் யாரையும் தண்டிக்கவில்லை. பயிற்சியாளர் டெஸ் ஹாஸ்லர் பத்திரிகையாளர்கள் முன் வந்து, உரியவர்களோடு கலந்து பேசாமல் இதைச் செய்துவிட்டோம் என்று ஒப்புக்கொண்டார். வீரர்களிடம் மன்னிப்புக் கேட்டார். தன்பாலீர்ப்பாளர் உள்ளிட்ட பால்புதுமையினர் சமூகத்திடமும் கேட்டார்.